நடந்தால் நினைவு திரும்புமா?

கேள்வி: என் மாமனாருக்கு 74 வயது. சேலம் அம்மாபேட்டையில் வாழ்நாள் முழுவதும் பட்டு வேட்டி நெய்தவர். சென்ற ஆண்டு அவருக்கு அல்சைமர் வகை மறதி நோய் ஆரம்ப நிலையில் இருப்பதாக மருத்துவர் சொன்னார். மறதிக்கான டோனெபெசில் மாத்திரையோடு இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். உடற்பயிற்சி செய்தால் நினைவாற்றல் திரும்பிவிடும் என்று கைபேசியில் ஒரு காணொளி பார்த்ததிலிருந்து, என் கணவர் தினமும் காலை ஐந்து மணிக்கு அவரை எழுப்பி, வெறும் வயிற்றோடு மைதானத்துக்கு அழைத்துப்போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகமாக நடக்க வைக்கிறார். பாதியிலேயே மாமனார் உட்கார்ந்துகொண்டு, வீட்டுக்குப் போகவேண்டும் என்று கத்துகிறார். சென்ற மாதம் தடுமாறி விழுந்தும்விட்டார். மூன்று மாதமாகியும் மறதி குறையவில்லை. பயிற்சி போதவில்லையோ என்று கணவர் நினைக்கிறார். ஏற்காட்டில் இருக்கும் என் நாத்தனார், கோடை முழுவதும் அப்பாவைத் தன்னிடம் அனுப்பிவிடச் சொல்கிறார். மலைக்காற்றும் மேட்டு நடையும் அவரைத் தேற்றிவிடும் என்கிறார். என்ன செய்வது? எனக்கு 46 வயது, கணவருக்கு 50. எங்களுக்கும் இந்நோய் வருமா?
— ஒரு வாசகி, அம்மாபேட்டை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கேள்விகளில் முதலாவதற்கு நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். மறதி நோய் வந்துவிட்ட ஒருவருக்கு உடற்பயிற்சியால் இழந்த நினைவு திரும்பும் என்று சொல்வதற்கு இன்றுவரை உறுதியான சான்று இல்லை. இருப்பினும் உங்கள் மாமனார் நடப்பதை நிறுத்தவே கூடாது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரண்படுவதுபோல் தோன்றலாம். நடையிடம் நாம் எதை எதிர்பார்க்கிறோம் என்பதை மாற்றிக்கொண்டால் அந்த முரண் தீர்ந்துவிடும். உங்கள் வீட்டில் காலைதோறும் நடக்கும் போராட்டமும் பெருமளவு தணியும் என்று நம்புகிறேன்.

உங்கள் கணவர் பார்த்த காணொளி எதையும் கற்பனையாகச் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. 2011-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு உலகெங்கும் பேசப்பட்டது. 55 முதல் 80 வயது வரையிலான 120 பேரை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவினரை வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு 40 நிமிடம் வேகமாக நடக்க வைத்தார்கள். மற்றக் குழுவினர் உடலை நீட்டி மடக்கும் எளிய பயிற்சிகளைச் செய்தார்கள். ஓராண்டு கழித்து எடுத்த ஸ்கேனில், நடந்தவர்களின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி ஏறத்தாழ 2 விழுக்காடு பெருத்திருந்தது. நடக்காதவர்களுக்கு அதே பகுதி சுமார் 1.4 விழுக்காடு சுருங்கியிருந்தது. புதிய செய்திகளை மனத்தில் பதிய வைப்பதில் பெரும்பங்கு அந்தப் பகுதிக்கு உண்டு என்பதாலும், அல்சைமர் நோய் தொடக்கத்திலேயே தாக்கும் இடங்களில் அதுவும் ஒன்று என்பதாலும், இந்த முடிவு மருத்துவ உலகத்துக்கே பெரும் நம்பிக்கையைத் தந்தது. ஆனால் அதில் பங்கேற்ற எவருக்கும் மறதி நோய் இருக்கவில்லை. அது மட்டுமன்று, நினைவாற்றல் சோதனையில் இரு குழுவினருமே முன்னேறியிருந்தார்கள். நடந்தவர்கள் மற்றவர்களைத் தெளிவாக விஞ்சிவிடவில்லை. காணொளிகளில் இந்த இரண்டு செய்திகளும் பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றன.

நடை மூளைக்கு நல்லது செய்யும் வழிகள் பல உண்டு. இதயம் வேகமாகத் துடிக்கும்போது மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் கூடுகிறது. தசைகள் வேலை செய்யும்போது இரத்தச் சர்க்கரையும் அழுத்தமும் கட்டுக்குள் வருகின்றன. மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நாளடைவில் சிதைவதற்கு இவ்விரண்டின் ஏற்றமே முக்கியக் காரணம். நரம்பணுக்கள் பிழைத்திருக்கவும் ஒன்றோடொன்று புதிய தொடர்பு ஏற்படுத்திக்கொள்ளவும் உதவும் பி.டி.என்.எஃப். என்ற புரதம் உடற்பயிற்சியால் அதிகரிக்கிறது. பகலில் உழைத்த உடலுக்கு இரவில் ஆழ்ந்த உறக்கம் வருகிறது. இவை எல்லாம் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லச் சேரும் நன்மைகள். அல்சைமர் நோயோ, மறதி வெளியே தெரிவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன்பே மூளைக்குள் தொடங்கிவிடுகிறது. அமிலாய்டு, டௌ என்னும் புரதங்கள் படிந்து, நரம்பணுக்கள் பெருமளவில் அழிந்த பிறகுதான் வீட்டார் அதைக் கவனிக்கிறார்கள். அழிந்துபோன அணுக்களை எந்த நடையும் மீட்டுத் தருவதில்லை.

நோய் வந்தவர்களிடமே நேரடியாகச் சோதித்துப் பார்த்தும் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஆரம்ப நிலை முதல் நடுத்தர நிலை வரை மறதி நோய் உள்ள 494 பேரைக் கொண்டு நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2018-இல் வெளியானது. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு, நான்கு மாதங்கள், வாரம் இரு முறை பயிற்சியாளர்களின் மேற்பார்வையில் கடினமான மிதிவண்டிப் பயிற்சியும் எடை தூக்கும் பயிற்சியும் கொடுத்தார்கள். அவர்களின் உடல்திறன் கூடியது. அறிவுத்திறன் சரிவதோ சற்றும் தணியவில்லை. ஓராண்டு முடிவில் பயிற்சி செய்தவர்களின் சோதனை மதிப்பெண் மற்றவர்களைவிட மிகச் சிறிதளவு மோசமாகவே இருந்தது. அந்தச் சிறிய வேறுபாட்டுக்கு நடைமுறையில் பொருள் உண்டா என்பது ஐயத்துக்குரியது என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். இதை நான் சொல்வது உங்கள் கணவரின் மனத்தைத் தளர்த்துவதற்காக இல்லை. "பயிற்சி போதவில்லை, இன்னும் வேகமாக, இன்னும் அதிக நேரம்" என்ற எண்ணம் அவரை எங்கே கொண்டுபோகும் என்று அஞ்சுவதால் சொல்கிறேன். மூன்று மாதத்தில் நினைவு திரும்பவில்லை என்றால் அதற்கு அவருடைய முயற்சியில் குறை காரணம் இல்லை. உங்கள் மாமனாரின் பிடிவாதமும் காரணம் இல்லை. இதை அவர் மனத்தில் ஏற்றுக்கொள்வது மிகவும் முக்கியம். இல்லாவிட்டால், அப்பாவைக் காப்பாற்றத் தவறிவிட்டோம் என்ற குற்றவுணர்ச்சி அவரை வாட்டும். அது நாளடைவில் அப்பாவின்மீதே எரிச்சலாகத் திரும்பிவிடும்.

இனி நடை எதைத் தரும் என்பதைச் சொல்கிறேன். பின்லாந்து நாட்டில், அல்சைமர் நோயோடு தம் துணையுடன் வீட்டில் வாழ்ந்துவந்த 210 பேரிடம் ஓர் ஆய்வு நடந்து, அதன் முடிவு 2013-இல் வெளியானது. சிலருக்கு இயன்முறை மருத்துவர் வாரம் இரு முறை வீட்டுக்கே வந்து ஒரு மணி நேரம் பயிற்சி கொடுத்தார். சிலருக்குக் குழுவாகப் பயிற்சி. மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். ஓராண்டு முடிவில் எல்லாருடைய அன்றாடச் செயல்திறனும் குறையத்தான் செய்தது. ஆனால் வீட்டில் பயிற்சி பெற்றவர்களுக்கு அந்தச் சரிவு தெளிவாகவே மெதுவாக இருந்தது. பயிற்சி பெற்றவர்கள் கீழே விழுந்த தடவைகளும் மற்றவர்களைவிடக் குறைவு. வேறு பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளிவந்த மதிப்பீடும் இதையே ஒட்டி அமைந்தது: அறிவுத்திறனில் தெளிவான பயன் தெரியவில்லை, அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்ளும் திறனில் பயன் இருக்கக்கூடும்.

அன்றாட வேலைகள் என்று நாங்கள் மருத்துவக் குறிப்பில் எழுதும் இரண்டு சொற்களுக்குள் ஒரு மனிதரின் மானமே அடங்கியிருக்கிறது. கழிப்பறையில் உட்கார்ந்து பிறர் கை இல்லாமல் எழுந்திருப்பது, தாமே குளித்து முடிப்பது, வேட்டியைத் தாமே கட்டிக்கொள்வது, வாசற்படி ஏறி இறங்குவது, சாப்பாட்டுத் தட்டின் முன் நிமிர்ந்து உட்கார்வது ஆகிய இவை ஒவ்வொன்றுக்கும் தொடையில் வலுவும் உடம்பில் சமநிலையும் வேண்டும். இந்த நோயில் பலர் படுக்கையில் விழுவது மறதியால் மட்டும் இல்லை. ஒரு முறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அதன்பின் எழ முடியாமல் போவதாலும்தான். உங்கள் மாமனார் பேரப்பிள்ளையின் பெயரை மறந்துவிட்டாலும், தம் காலில் நடந்துபோய் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்காரக்கூடியவராக இன்னும் பல ஆண்டுகள் இருக்கலாம். எனக்கு அது சிறிய பலனாகத் தெரியவில்லை. உங்கள் கணவர் நடையின் பயனை அளக்க விரும்பினால், அப்பாவிடம் கிழமையும் தேதியும் கேட்டுச் சோதிப்பதை விட்டுவிட்டு, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எத்தனை முறை எழுகிறார் என்பதை மாதத்துக்கு ஒரு நாள் எண்ணிப் பார்க்கட்டும்.

இப்போது நடந்துகொண்டிருப்பதைப் பற்றி எனக்குக் கவலை தரும் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். அவர் பாதி வழியில் உட்கார்ந்துகொண்டு கத்துவதை நோயின் குணம் என்றோ வீம்பு என்றோ எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் முதியவர் வெறும் வயிற்றில் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால், சில வகை மாத்திரைகளில் இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடக்கூடும். அப்போது வியர்வை, நடுக்கம், குழப்பம், காரணமில்லாத கோபம் எல்லாம் வரும். மறதி நோய் இல்லாதவர் 'மயக்கமாக வருகிறது' என்று சொல்லிவிடுவார். உங்கள் மாமனாரால் அதைச் சொல்லத் தெரியாமல் போகலாம். 'வீட்டுக்குப் போகவேண்டும்' என்பது அவருக்குக் கிடைத்த ஒரே வாக்கியமாக இருக்கலாம். அடுத்த முறை அப்படி நேர்ந்தால் குளுக்கோமீட்டரில் உடனே அளந்து பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் சர்க்கரை கலந்த நீரோ பழச்சாறோ கொடுத்துவிட்டு, அன்றே மருத்துவரிடம் தெரிவியுங்கள். அளவு சரியாக இருந்தாலும், வெறும் வயிற்றோடு இனி அழைத்துச் செல்ல வேண்டாம்.

விழுந்ததையும் சிராய்ப்போடு போயிற்று என்று விட்டுவிடாதீர்கள். டோனெபெசில் சிலருக்கு நாடித்துடிப்பைக் குறைத்து மயக்கத்தை உண்டாக்கும். ஆகவே நாடியையும் இ.சி.ஜி.யையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்குப் படுத்திருந்து எழும்போது அழுத்தம் சட்டென்று இறங்குவது உண்டு. அதிகாலையில் உறக்கத்திலிருந்து எழுப்பி உடனே கிளப்புவதில் இந்த ஆபத்து கூடுதல். படுத்த நிலையிலும், எழுந்து நின்ற ஒன்றாவது, மூன்றாவது நிமிடங்களிலும் அழுத்தத்தை அளக்கச் சொல்லி மருத்துவரைக் கேளுங்கள். நீண்டநாள் சர்க்கரை நோயில் பாதத்தின் உணர்ச்சி மரத்துப்போகும். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். அந்தக் குறைவு பாத உணர்ச்சியையும் நினைவையும் சேர்த்தே கெடுக்கும், ஊசியாலோ மாத்திரையாலோ சரிசெய்யவும் முடியும். கண்புரை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இவை எல்லாம் முடியும்வரை வேகநடை வேண்டாம். தெருவில் மெல்ல நடந்தால் போதும்.

சோதனைகள் முடிந்த பிறகு நடையைக் காலையில் ஒரு இருபது நிமிடம், மாலையில் ஒரு பதினைந்து நிமிடம் என்று இரண்டாகப் பிரித்துவிடலாம். ஐந்து மணிக்கு எழுப்ப வேண்டாம். உறக்கம் கெட்டால் மறுநாள் முழுவதும் குழப்பம் கூடும், நடையில் கிடைத்ததைவிட அதிகம் அதில் போய்விடும். அவராக விழித்து, ஏதேனும் சிறிது சாப்பிட்டு, ஆறு, ஆறரைக்குக் கிளம்பினால் போதும். சேலத்தில் பங்குனி பிறந்துவிட்டால் காலை எட்டு மணிக்கே வெயில் சுட ஆரம்பித்துவிடுவதால் ஏழரைக்குள் வீடு திரும்பிவிடுங்கள். முதியவர்களுக்குத் தாகம் எடுப்பது குறைவு. கேட்டால் 'வேண்டாம்' என்பார்கள், தம்ளரைக் கையில் கொடுத்தால் குடித்துவிடுவார்கள். வேகத்துக்கு அளவு, நடந்துகொண்டே பேச முடியவேண்டும் என்பதுதான். பேச்சு திணறினால் அது அவருக்கு அதிகம்.

மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வருவதில் அவருக்கு எந்தப் பொருளும் தெரியாது. எங்கே போகிறோம், ஏன் போகிறோம் என்பது புரியாத நடை, இந்த நோயுள்ளவர்களுக்கு அச்சத்தைத் தரும். தினமும் ஒரே வழியாக, அவருக்குப் பழக்கமான ஓர் இடத்துக்குப் போய்வருவதாக நடையை அமைத்துக்கொள்ளுங்கள். 'மாமா, நடைப்பயிற்சிக்கு நேரமாச்சு' என்பதைக் காட்டிலும், 'மாமா, கோயிலுக்குப் போய்ட்டு வரலாமா?' என்று நீங்கள் கேட்டால் அவர் செருப்பைத் தேடத் தொடங்கிவிடுவார். கோயில் பிரகாரத்தை மூன்று முறை வலம் வருவது நல்ல நடை. இளம் வயதிலிருந்து செய்த செயல் என்பதால் சொல்லித்தர வேண்டியதும் இல்லை. ஆனால் பாத உணர்ச்சி குறைந்தவர் சுட்ட கல்லில் வெறுங்காலோடு நடந்தால் கொப்புளம் வந்ததே தெரியாது. ஆகையால் அதைக் காலையில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆடியில் மாரியம்மன் பண்டிகையின்போது தெருவெல்லாம் கூட்டமும் ஒலிபெருக்கியும் நிறைந்திருக்கும்; அந்நாட்களில் வீட்டு முற்றமே போதும்.

வழியில் அவர் உட்கார்ந்துவிட்டால் இழுக்கவோ வாதாடவோ வேண்டாம். உங்கள் கணவரும் பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் கொடுத்து, ஐந்து நிமிடம் வேறு ஏதாவது பேசிவிட்டு, 'சரிப்பா, வீட்டுக்குத்தான் போறோம்' என்று எழுந்தால் அவரும் எழுவார். அன்றைக்குப் பத்து நிமிடம்தான் நடந்தார் என்றால் பத்து நிமிடமே போதும். கசப்போடு நடந்த ஒரு மணி நேரத்தைவிட, மறுநாளும் மறுக்காமல் கிளம்பிவரும் பத்து நிமிடம் மேலானது. நடந்த நிகழ்ச்சியை அவர் மறந்துவிடுவார். ஆனால் அதில் எழுந்த அச்சமோ சினமோ மனத்தில் தங்கிவிடுகிறது. காரணம் தெரியாமலேயே மறுநாள் அந்த மைதானத்தைக் கண்டதும் அவர் மிரள்வதற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

நடை மட்டும் போதாது. 65 வயது கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலையையும் தசை வலுவையும் கூட்டும் பயிற்சிகளைச் செய்யவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் கூறுகிறது. உங்கள் மாமனாருக்கு இரண்டே பயிற்சிகள் போதும். சுவரோடு சேர்த்துப் போட்ட, கையுள்ள உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து எழுவது முதலாவது. ஐந்து முறையில் தொடங்கி, அவர் சோர்வடையாத அளவுக்குக் கூட்டிக்கொண்டே போகலாம். சமையல் மேடையையோ சன்னல் கம்பியையோ இரு கையாலும் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது இரண்டாவது. 'இப்படிச் செய்யுங்கள், பிறகு அப்படிச் செய்யுங்கள்' என்று அடுக்கிச் சொன்னால் அவருக்குக் குழம்பும். எதிரே நின்று நீங்களே செய்து காட்டுங்கள், ஒரு நேரத்தில் ஓர் அசைவு மட்டும். பார்த்துச் செய்யும் திறன் கேட்டுச் செய்யும் திறனைவிட நெடுநாள் நிலைத்திருக்கிறது.

அவர் நெசவாளர் என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் மிகவும் மதிப்புள்ள செய்தியாகக் கருதுகிறேன். நேற்று நடந்ததை நினைவில் வைக்கும் மூளைப்பகுதியும், கைத்தொழிலின் பழக்கத்தைக் காத்து வைக்கும் பகுதிகளும் வேறு வேறு. மூளையின் ஆழத்திலும் சிறுமூளையிலும் இருக்கும் அப்பகுதிகளை அல்சைமர் நோய் பெரும்பாலும் பிந்தித்தான் தாக்குகிறது. காலையில் என்ன சாப்பிட்டார் என்று சொல்லத் தெரியாதவர், ராட்டையின் முன் உட்கார்ந்தால் பிசகாமல் தார் (தறியின் நாடாவில் வைக்கும் நூற்குழல்) சுற்றக்கூடும்; அறுந்த இழையைக் கண்டதும் விரல்கள் தாமாக முடிச்சிடக்கூடும். வீட்டில் பழைய ராட்டை இருந்தால் எடுத்து வையுங்கள். நூல் பிரிப்பது, தார் சுற்றுவது, நெய்த வேட்டியை மடிப்பது போன்ற வேலைகளை நாளில் அரைமணி நேரம் அவரிடம் கொடுங்கள். இவற்றால் இதயத் துடிப்பு பெரிதாகக் கூடிவிடாது என்பதால் நடைக்கு இவை ஈடாகமாட்டா. ஆனால் தோளும் விரலும் இயங்கும். மனம் ஓரிடத்தில் நிலைக்கும். வீட்டில் தம்மால் ஒரு வேலை ஆகிறது என்ற நிறைவு அவர் முகத்தில் தெரியும். குழித்தறியில் மட்டும் அவரை இறங்கவிடாதீர்கள். குழிக்குள் காலை இறக்குவதும் எழுவதும் அவர் சமநிலைக்கு இப்போது ஆபத்தானவை. சுற்றிய தார் சீராக இல்லை என்று யாரும் அவர் முன்னால் சொல்லவும் கூடாது. அந்தத் தொழிலில் அவர் கையே அளவுகோலாக இருந்த காலம் உண்டு.

ஏற்காட்டுப் பயணத்தைப் பற்றி: உங்கள் நாத்தனாரின் அன்பு எனக்குப் புரிகிறது, சேலத்துச் சித்திரையில் மலைக்குப் போகவேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றாது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம் என்பது இதயமும் நுரையீரலும் நன்றாக உள்ள ஒருவருக்குத் தீங்கு செய்யாது. ஆனால் மறதி நோயாளிக்கு இடமாற்றம் எளிதன்று. இரவில் விழித்துக் கழிப்பறைக்குப் போகும் வழியைத் தம் வீட்டில் அவர் கால்கள் அறியும். புதிய வீட்டில் அறியா. கதவைத் திறந்துகொண்டு வெளியே கிளம்பிவிட்டால், அம்மாபேட்டைத் தெருவில் 'ஐயா, எங்கே போறீங்க' என்று கேட்க நாலு பேர் இருப்பார்கள். பனி இறங்கிய மலைச்சாலையிலும் காப்பித் தோட்டத்துக்குள்ளும் அவரைத் தேடுவது மிகக் கடினம். மேட்டில் ஏறுவதைவிட இறங்குவதில்தான் முதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். தவிர, மலைக்காற்று மறதியைக் குறைக்கும் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. ஆகவே கோடை முழுவதும் அங்கே விடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஒரு நாள் காலை எல்லாரும் சேர்ந்து போய், ஏரியை ஒட்டிய பூங்காவில் மெல்ல நடந்து, மகள் வீட்டில் சாப்பிட்டு, இருட்டும் முன் திரும்பிவிடுங்கள். கொண்டையூசி வளைவுகளில் தலைசுற்றி வாந்தி வரக்கூடும்; நடுவில் ஓரிரு இடங்களில் வண்டியை நிறுத்திக்கொள்ளுங்கள். கோடை விழா நாட்களின் நெரிசலைத் தவிர்த்துவிடுங்கள். நாத்தனார் உண்மையிலேயே உதவ விரும்பினால், மாதத்தில் ஒரு வாரம் அவர் அம்மாபேட்டைக்கு வந்து தங்கி அப்பாவைப் பார்த்துக்கொள்ளட்டும். அது மாமனாருக்கும் நல்லது, உங்களுக்கும் ஓய்வு. நோயாளியைக் கவனிப்பவர் தளர்ந்துபோனால் இந்தக் கடிதத்தில் நான் எழுதியுள்ள எதுவும் நடக்காது.

உங்களுக்கும் கணவருக்கும் இந்நோய் வருமா என்ற கேள்விக்கு வருகிறேன். 65 வயதுக்குப் பிறகு தொடங்கும் அல்சைமர், தந்தைக்கு இருந்தால் மகனுக்குக் கட்டாயம் வரும் என்ற வகை நோய் அன்று. வாய்ப்பு ஓரளவு கூடும், அவ்வளவுதான். ஒரே மரபணுவால் தலைமுறைதோறும் தொடரும் வகை மிக அரிது; அது பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே தாக்கும். உடற்பயிற்சியால் நினைவைக் காக்கமுடியுமா என்ற கேள்வி உண்மையில் உங்கள் வயதினருக்கு உரியது. மாற்றியமைக்கக்கூடிய 14 காரணங்களை முறையாகக் கையாண்டால் உலகில் மறதி நோயின் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று லான்செட் மருத்துவ இதழின் குழு 2024-இல் மதிப்பிட்டது. உடலுழைப்பின்மை அவற்றில் ஒன்று. உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, உடற்பருமன் ஆகியவையும் அப்பட்டியலில் உண்டு. நடை அவற்றையும் சேர்த்தே தணிக்கிறது. புகை, அளவுமீறிய மது, கவனிக்காமல் விட்ட காதுகேளாமை, பார்வைக் குறைவு, தனிமை, மனச்சோர்வு முதலியனவும் அதில் இருக்கின்றன.

இங்கும் நான் மிகைப்படுத்த விரும்பவில்லை. நடப்பவர்களுக்கு மறதி நோய் குறைவு என்று காட்டும் ஆய்வுகள் பல இருந்தாலும், இலண்டன் அரசு ஊழியர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஏறத்தாழ 28 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2017-இல் வெளியான ஆய்வு ஓர் எச்சரிக்கையைத் தந்தது. நோய் கண்டறியப்படுவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பிருந்தே நோயாளிகளின் நடமாட்டம் குறையத் தொடங்கியிருந்தது. நடக்காததால் நோய் வந்ததா, உள்ளே நோய் வளர்ந்ததால் நடை குறைந்ததா என்று பிரித்தறிவது கடினம் என்பதே அதன் பொருள். மறுபுறம், பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையிலான, மறதி நோய்க்கு வாய்ப்பு அதிகமுள்ள 1,260 பேரிடம் உடற்பயிற்சி, உணவு, மூளைப் பயிற்சி, இரத்த அழுத்தக் கண்காணிப்பு ஆகிய நான்கையும் சேர்த்துக் கொடுத்து இரண்டாண்டு நடத்திய சோதனையில், அறிவுத்திறன் மற்றவர்களைவிடச் சற்று மேம்பட்டது. நடை தனித்து நின்று காப்பதைவிட, அழுத்தமும் சர்க்கரையும் உணவும் ஒருங்கே கவனிக்கப்படும்போது கூட நின்று காக்கிறது என்றே நான் இவற்றைப் புரிந்துகொள்கிறேன்.

எனவே காலை ஐந்து மணி வேகநடையை உங்கள் கணவர் விடவேண்டாம். அப்பாவை விட்டுவிட்டு அவர் நடக்கட்டும். வாரத்துக்கு 150 நிமிடமாவது அவரும் நீங்களும் வியர்க்க நடக்கவேண்டும். சமையலறையிலும் மாமனாரின் பின்னாலும் நாள்முழுவதும் நடக்கிறேனே என்று நீங்கள் நினைக்கலாம். மூச்சு வாங்காத அந்த நடையைக் கணக்கில் சேர்க்கமுடியாது. தமிழக அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்துக் கொடுத்திருக்கிறது. சேலத்திலும் அது உண்டு. 50 வயதாகும் உங்கள் கணவர் ஒருமுறையாவது இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் சோதித்துக்கொள்ளட்டும்.

மாமனாருக்குப் பயிற்சி சொல்லித்தரத் தனியாகச் செலவழிக்க முடியாவிட்டால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கு வரும் வசதி இருக்கிறது. உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து கேளுங்கள். மேலே சொன்ன சோதனைகளை சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் செய்துகொள்ளலாம். முதியோர் உதவிக்கு 14567, மனம் சோர்ந்தால் பேசுவதற்கு 14416 ஆகிய எண்களில் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். இரண்டாவது எண் உங்களுக்கும்தான். மாமனாரின் சட்டைப்பையில் அவர் பெயரும் உங்கள் வீட்டுத் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டை எப்போதும் இருக்கட்டும்.

நடக்கும்போது நெஞ்சில் பாரம், மூச்சுத்திணறல், கண் இருளுதல், ஒரு பக்கக் கையோ காலோ திடீரெனச் சோர்தல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்தி 108-ஐ அழையுங்கள். சில நாட்களிலேயே நடை மிகவும் தள்ளாடத் தொடங்கினாலோ குழப்பம் வழக்கத்துக்கு மாறாகக் கூடினாலோ, அது மறதி நோயின் வளர்ச்சி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, புதிதாகச் சேர்த்த மாத்திரை, சென்ற மாதம் விழுந்தபோது தலையில் பட்டு மெதுவாகக் கசியும் இரத்தம் ஆகியவையும் அப்படிச் செய்யும். விழும்போது தலையில் அடிபட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. பட்டிருந்தால், அல்லது பட்டதா என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியாவிட்டால், இந்த வாரமே மருத்துவரிடம் அதைச் சொல்லி ஸ்கேன் தேவையா என்று கேட்டுவிடுங்கள்.